தையல் மெஷினுக்குக் குடை பிடித்தேன்

கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றால் பயப்படாத ஆள் கிடையாது. ஆனால் அவர் வருவதற்கு முன்பே பயந்து, வந்ததும் பயந்து, அவர் போன பிறகு "ஏன் இவ்வளவு சீக்கிரம் போனார், பொலிசைக் கூட்டிவரவா?" என்று இன்னும் அதிகமாகப் பயப்படுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அந்தச் சிலரில் நான் முதல் ஆள். ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் தோற்றுவிடுவேனோ என்ற பயத்தில், பரீட்சைக்கு முந்தின வாரமே தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்குப் போனவன் நான். (பரீட்சை எழுதிய மற்றவர்கள் எல்லோரும் பாஸ். வாத்தியார் யாரையும் பெயிலாக்கவில்லையாம்.)

மஸ்கெலியாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பேக்டரியில் கொழுந்து காயவைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளுவது என் வேலை. என் மனைவி பாக்கியம் கொழுந்து எடுப்பாள். அவளுக்குத் தைக்கத் தெரியும். அந்தக் காலத்தில் தீபாவளி வந்தால் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் ரவிக்கைத் துணியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போக வேண்டும். "ஒரு கை மெஷின் இருந்தா அந்தக் காசு நம்ம வீட்டுக்கு வருமேங்க" என்று பாக்கியம் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அட்டன் கடை ஒன்றில் தவணைக்கு மெஷின் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

கடைக்காரர் ஒப்பந்தக் காகிதத்தை என் பக்கம் தள்ளி, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனால் அச்சடித்த காகிதத்தைக் கண்டாலே என் விரல்களுக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிடும். நாளைக்கு ஏதாவது ஆனால் இந்தக் கையெழுத்துதானே நம்மைப் பிடித்துக் கொடுக்கும்?

"தைக்கப் போறது அவதானுங்களே. அவ பேருலயே எழுதிருங்க" என்று சொல்லிவிட்டேன்.

பாக்கியம் முகமெல்லாம் சந்தோஷமாகி, பெரிய பெரிய எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். புருஷன் தன்மேல் வைத்திருக்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டாள். நானும் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு சம்பள நாளிலும் தோட்டத்து ஆபீஸ் கேட்டுக்கு வெளியே கடன் கொடுத்தவர்கள் வரிசையாக நிற்பார்கள். அவர்களோடு, அட்டன் கடைக்காகத் தவணை வசூலிக்க வரும் எங்கள் தவணைக்காரரும் நிற்பார். கறுப்புக் கோட்டு, கையில் பெரிய கறுப்புக் குடை. எங்கள் ஆட்கள் மழைக்குத் தலையில் கம்பளி போடுகிறவர்கள். ஆகவே தேயிலைச் செடிகளுக்கு நடுவே கறுப்புக் குடை ஒன்று அசைந்து வந்தால், அது ஒன்று ஆபீஸ் கிளாக்கராக இருக்கும், இல்லாவிட்டால் அவராக இருக்கும். லயத்தில் அவருக்குக் குடைக்காரர் என்றே பேர்.

அந்த வருஷத்து மழைக்கு மலைச்சரிவு விழுந்து, பல நாள் வேலை நின்றது. அரிசிக்குப் போகக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டு தவணை தவறியது. சம்பள நாளன்று குடைக்காரர் எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா, தைச்சுத் தைச்சுச் சம்பாதிக்கிறீங்க, தவணை எங்க? ஞாயித்துக்கிழமை வருவேன். காசு இல்லாட்டி மெஷினத் தூக்கிருவேன். அதுவும் இல்லாட்டி நீ ஜெயிலுக்குப் போவ."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்டி ஜெயிலில் குளிருக்குப் போர்வை கொடுப்பார்களா என்று பேக்டரியில் எல்லாரிடமும் விசாரித்தேன். பயப்பட என்னால் முடிந்தது. பாக்கியத்தால் அது முடியவில்லை. அவள் மறுநாளே பஸ் ஏறி யூனியன் ஆபீசுக்குப் போய், அங்கே இருந்தவரிடம் எல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"கேளுங்க. கடன் கட்டலேன்னு யாரையும் நேரே ஜெயிலுக்குக் கொண்டுபோக முடியாதாம். கோர்ட்டு உத்தரவு இல்லாம வீட்டுக்குள்ள வந்து மெஷினத் தூக்கவும் முடியாதாம். கட்டின காசுக்கெல்லாம் ரசீதுத் துண்டு கேட்டு வாங்கணுமாம். ஒண்ணே ஒண்ணு, மெஷின மறைக்கக் கூடாது, விக்கக் கூடாது. இருந்த எடத்துல இருந்தாத்தான் ஞாயம் நம்ம பக்கம்."

நான் தலையை ஆட்டினேன். (பயந்த காதுக்குள் ஒரு வாக்கியத்தில் பாதிதான் போகும். எனக்குள் போனது "மெஷின மறைக்க" வரைக்கும்தான்.)

ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக் கொழுந்து. அதாவது லீவு நாளில் எடுக்கிற கொழுந்துக்கு அன்றைக்கே நிறுத்துக் கையில் காசு தருவார்கள். ஒரு தவணையாவது சேரட்டும் என்று பாக்கியம் விடியலிலேயே கூடையைத் தலையில் மாட்டினாள். எனக்குச் சாயந்தர முறை. போகும்போது வாசலில் நின்று சொன்னாள்:

"மெஷினத் தொடாதீங்க. வாசல்ல நின்னு, 'உத்தரவு இருக்கா'ன்னு மட்டும் கேளுங்க. வேற ஒரு வார்த்தை பேசாதீங்க. சொல்லுங்க பாப்போம்."

"உத்தரவு இருக்கா."

"என்னைப் பாத்துச் சொல்றப்பவே ஏன் நடுங்குறீங்க?"

அவள் போன பிறகு அடுப்பைப் பார்த்துச் சொன்னேன், கதவைப் பார்த்துச் சொன்னேன், கோழியைப் பார்த்துக்கூடச் சொன்னேன். கோழி கொஞ்சம் பயந்த மாதிரிதான் இருந்தது. எனக்கே தைரியம் வந்துவிட்டது.

அப்போது சன்னல் வழியாகப் பார்த்தேன். குறுக்குப் பாதையில், மழைக்குள், கறுப்புக் குடை.

தைரியம் எந்த வழியாகப் போனதென்று தெரியவில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு அறைக்குள்ளேயே சுற்றினேன். எங்கள் லயத்தில் பத்து அறைகள், எங்களுடையது முதல் அறை. அறைக்கும் அறைக்கும் நடுவே உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஓர் ஆள் கையை நீட்டுகிற அளவு சந்து இருக்கும். பெஞ்சில் ஏறி அடுத்த அறைக்குள் எட்டிப் பார்த்தேன். சடையன் அண்ணன் பாயில் படுத்திருந்தார்.

"அண்ணே, குடைக்காரரு வர்றாரு. இதைப் புடிங்கண்ணே."

"எதை?"

"மெஷினண்ணே."

"மூடியோடயாடா?"

மரமூடியோடு மெஷின் சந்தில் நுழையவில்லை. மூடியை விட்டுவிட்டு மொட்டை மெஷினைக் கொடுத்தேன். சடையன் அண்ணன் நல்ல மனுஷன். நல்ல மனுஷன் என்பதால் தன் அறையிலும் வைத்துக்கொள்ளவில்லை. அதற்கடுத்த அறையை எட்டிப் பார்த்து, "யாரும்மா உள்ளே, இதைப் புடி, குடைக்காரன் வர்றான்" என்றார்.

நான் வெளியே, அறைகளுக்கு முன்னால் நீளமாக ஓடும் இஸ்தோப்பில் வந்து நின்றேன். குடைக்காரர் குடையை மடக்கி உதறிவிட்டு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். உத்தரவு என்கிற சொல் நாக்கு நுனி வரை வந்து, அவர் முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டது.

"மெஷின் இல்லீங்க" என்றேன்.

"இல்லியா? வித்துட்டியா?"

"இல்லீங்க."

"அப்ப எங்க இருக்கு?"

"எங்கேயும் இல்லீங்க."

அவர் காதைக் கூர்மையாக்கினார். மூன்றாவது அறையிலிருந்து "பாத்து, பாத்து, ஊசி" என்று ஒரு குரல் வந்தது. நான்காவது அறையில் ஒரு குழந்தை வீரிட்டது. குடைக்காரர் இஸ்தோப்போடு மெல்ல நடக்கத் தொடங்கினார். நான் பின்னாலேயே போனேன். அவர் வெளியே ஓர் அறையைத் தாண்டினால், மெஷின் உள்ளே ஓர் அறையைத் தாண்டியது. முனகல், பெஞ்சு இழுக்கிற சத்தம், "யம்மா, இது என்ன இரும்பா?" என்று ஒரு பெண்ணின் கேள்வி. மெஷின் ரயில் மாதிரிப் போய்க்கொண்டிருந்தது.

கடைசி அறை பெருமாள் மாமாவுடையது. அவரும் எனக்கு உதவி செய்ய நினைத்துவிட்டார். (அன்று எனக்கு உதவி செய்யாத ஒரே ஆள் குடைக்காரர்தான் என்று சொல்லலாம். யோசித்தால் அவரும் செய்தார்.) மாமா வாசலுக்கு வந்து கும்பிட்டார்.

"ஐயா ஏன் சாரல்ல நிக்கிறீங்க? உள்ள வந்து ஒக்காருங்க. சூடா தேத்தண்ணி இருக்கு."

பேச்சுக் கொடுத்து உட்காரவைத்தால் மெஷின் வந்த வழியே திரும்பிவிடும் என்பது மாமாவின் திட்டம். நல்ல திட்டம். பக்கத்து அறைக்கு யாரும் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். குடைக்காரர் நடுச்சுவருக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, கோப்பையை வாயில் வைத்தார். சுவருக்கு மேலே இரண்டு கைகள் தெரிந்தன. கைகளில் மெஷின்.

"மாமா, புடிங்க. அந்த ஆளு வர்றதுக்குள்ள பாயைப் போட்டு மூடிருங்க."

குடைக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து இரண்டு கையாலும் பக்குவமாக வாங்கினார்.

"புடிச்சிட்டேன், விடுங்க" என்றார்.

சுவருக்கு மேலே தெரிந்த இரண்டு கைகளும் சட்டென்று மறைந்தன.

"நான் யாரு வீட்டுக்குள்ளயும் பூந்து எடுக்கல. நீங்களாத்தான் என் கையில குடுத்தீங்க. லயமே சாட்சி" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே வந்தார். வந்தவர் மழையைப் பார்த்தார், கையில் இருந்த மொட்டை மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நனைஞ்சாத் துருப் புடிக்கும். அந்தக் குடையக் கொஞ்சம் புடிச்சிட்டு வா தம்பி, ரோடு வரைக்கும்."

இந்த இடத்தில் மானமுள்ள ஒருவன் என்ன செய்திருப்பான் என்று எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன். நான் குடையை விரித்தேன். அவருக்கு ஒரு துளி படாமல், மெஷினுக்கு ஒரு துளி படாமல் பிடித்துக்கொண்டு, நான் நனைந்துகொண்டே பக்கத்தில் நடந்தேன். பாக்கியம் ராத்திரி ராத்திரியாகக் காஜா எடுத்துச் சேர்க்க நினைத்த காசு, தீபாவளிக்கு வாங்கி வைத்திருந்த பதினைந்து பேர் ரவிக்கைத் துணி, எல்லாம் என் குடைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. அவள் வந்து கேட்டால் என்ன சொல்வது? அதற்கு ஜெயிலே மேல் என்று தோன்றியது.

பாதை வளைகிற இடத்தில், ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தண்ணீர் ஓடும் கான். எதிரே கொழுந்து நிறுக்கப் போகிற பெண்கள் வரிசையாக வந்தார்கள். முன்னால் பாக்கியம். அவள் முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு குடையை. பிறகு குடைக்குக் கீழே இருந்ததை.

"என்னங்க இது?"

"மழைங்க. மெஷின் நனைஞ்சிருமேன்னு..." (கட்டின மனைவியை 'ங்க' போட்டு நான் பேசியது அன்று மட்டும்தான்.)

"வழி விடும்மா. ஒம் புருஷன்தான் குடுத்தாரு" என்றார் குடைக்காரர்.

"அவரு யாருங்கையா குடுக்குறதுக்கு?"

"என்னம்மா பேசுற?"

"ஒப்பந்தத்துல யாரு பேரு இருக்கு? யாரு கையெழுத்து இருக்கு? அவரு பேரு எங்கேயாச்சும் இருந்தாக் காட்டுங்க. எம் மெஷின ஒங்களுக்குக் குடுக்க அவருக்கும் பாத்தியதை இல்ல, அவருகிட்ட வாங்க ஒங்களுக்கும் பாத்தியதை இல்ல."

குடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கையெழுத்துப் போட நடுங்கிய அந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. என் வாழ்க்கையில் என் பயத்தால் நடந்த ஒரே நல்ல காரியம் அது.

"சரி, கொண்டுபோறதுன்னா கொண்டுபோங்க" என்றாள் பாக்கியம். "ஒரு துண்டு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. பாக்கியத்தோட மெஷின, அவ இல்லாத நேரத்துல, கோர்ட்டு உத்தரவு இல்லாம எடுத்துட்டுப் போறேன்னு. கீழ ஒங்க கையெழுத்து. யூனியன் ஆபீசுல காட்டணும்."

பின்னால் நின்ற ஒருத்தி, "லயத்துக்கு வர்றதுக்குத் தோட்டத்துத் தொரைகிட்டக் கேட்டீங்களா சாமி?" என்றாள்.

"கேட்டிருந்தாப் பெரிய ரோட்டால வந்திருப்பாரே. ஏன் குறுக்கால வர்றாரு?" என்றாள் இன்னொருத்தி.

ஒருத்தியும் நகரவில்லை. மெஷின் கனத்தது போலிருக்கிறது, குடைக்காரரின் கைகள் நடுங்க ஆரம்பித்தன. நடுக்கத்தில் எனக்கு அனுபவம் உண்டு. அது கனத்தால் மட்டும் வந்த நடுக்கம் இல்லை.

"நானும் சம்பளத்துக்கு நிக்கிறவன்தாம்மா" என்றார், குரலைத் தாழ்த்தி. "வெறுங்கையோட போனா எஞ் சம்பளத்துல புடிச்சுக்குவாங்க."

"அப்பக் காசைக் கேளுங்க. அது ஒங்க உரிமை. நான் தரமாட்டேன்னா சொன்னேன்? கொழுந்து நிறுக்குற மடுவத்துக்கு வாங்க, இன்னைக்கு நிறுவையில வர்றதைத் தாறேன். மத்தத் தவணையை ரெண்டு மாசமாப் பிரிச்சுக் கட்டுறேன். கட்டுறதுக்கெல்லாம் துண்டு வேணும். இனிமே ஜெயிலு அது இதுன்னு இவரை மெரட்டாதீங்க. இவரு மெரட்டாமலே பயப்படுற மனுஷன்."

பெண்கள் சிரித்தார்கள். குடைக்காரரும் சிரித்துவிட்டார். மெஷினை என் பக்கம் நீட்டினார். நான் அப்போதும் குடையைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"குடைய அவருகிட்டக் குடுத்துட்டு மெஷின வாங்குங்க" என்றாள் பாக்கியம், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. பிறகு தன் தலையில் இருந்த கம்பளியை எடுத்து மெஷினுக்குப் போர்த்திவிட்டு, நனைந்துகொண்டே கொழுந்து நிறுக்கப் போனாள்.

அந்த மெஷினின் தவணை முழுதும் கட்டி முடித்தாள். கடைசித் துண்டை எழுதிக் கொடுக்க வந்த குடைக்காரர், எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு வாசலில் நின்று, "தம்பி ரோடு வரைக்கும் வர்றீங்களா?" என்று கேட்டார். வெளியே மழைகூட இல்லை.

எங்கள் மகளின் கல்யாணத்தன்று நல்ல மழை. மாப்பிள்ளை வீட்டார் வேனை விட்டு இறங்குகிறார்கள் என்றதும், சம்பந்திக்கு மரியாதை செய்ய நான் ஒரு குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். கோவில் வாசலில், இரண்டு வீட்டு ஆட்களும் கேட்கும்படி பாக்கியம் சத்தம் போட்டாள்:

"யாராச்சும் அவரு கையில இருக்குற குடைய வாங்குங்கப்பா. விட்டாப் பொண்ணோட சேத்து வீட்டுல இருக்குற எல்லாத்தையும் நனையாம வழியனுப்பி வச்சிருவாரு."

குடையை சடையன் அண்ணன் வாங்கிக்கொண்டார். சம்பந்தியை நான் நனைந்தபடியேதான் வரவேற்றேன்.