பைஸ்டாண்டர் சாம்பசிவன்

கண்ணில் சொட்டு விழுந்த பிறகுதான் சாம்பசிவன் விழித்துக்கொண்டார்.

"அனங்காதீங்க அப்பூப்பா. கண்ணை மூடிக்கிட்டு அப்படியே சாஞ்சு இருங்க," என்று அவரை மலையாளத்தில் தாத்தாவாக்கினாள் சிஸ்டர் ரெம்யா, மற்றொரு கண்ணின் இமையைக் கட்டைவிரலால் தூக்கியபடி.

"அம்மா, எனக்கில்லை! நான் பேஷண்ட் இல்லை, பைஸ்டாண்டர்!"

சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கண்ணிலும் விழுந்துவிட்டது.

"எல்லா அப்பூப்பன்மாரும் இதைத்தான் சொல்லுவாங்க. பேடிக்க வேண்டாம், பயமே வேண்டாம் கேட்டோ," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள்.

சாம்பசிவனுக்குக் கண் எரிந்ததைவிட மனசுதான் அதிகம் எரிந்தது. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணையாக வருகிறவருக்குப் பைஸ்டாண்டர் என்று பெயர். அங்கே டாக்டர் இல்லாமல்கூட ஆபரேஷன் நடந்துவிடும். பைஸ்டாண்டர் இல்லாமல் ஒரு மாத்திரை நோயாளியின் தொண்டைக்குள் இறங்காது. அப்பேர்ப்பட்ட பதவியில் சாம்பசிவன் பழம் தின்று கொட்டை போட்டவர். மின்சார வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே தெரு அவரை எடுத்துக்கொண்டுவிட்டது. அவர் குடியிருந்த கோட்டைப் பகுதிக்குள் யாருக்கு வயிறு வலித்தாலும் ஆம்புலன்ஸுக்கு முன்னால் அவருக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். எந்த ஆஸ்பத்திரியில் எந்தப் பெஞ்சு ஆடும், எந்த கேண்டீனில் நேற்றைய இட்லி இன்றைய உப்புமாவாகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அலுத்துப்போன மனுஷன். உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு நாற்காலியின் வடிவத்துக்கே வந்திருந்தது. ஆனாலும் ஒரே ஒரு பெருமை மிச்சமிருந்தது: இத்தனை ஆஸ்பத்திரிகளில் ஒன்றில்கூட அவர் கட்டிலில் படுத்ததில்லை.

இன்றைக்கு வந்திருப்பதும் துணைக்குத்தான். நோயாளி வெங்கடேஸ்வரன், அவருடைய மச்சினன், மனைவி விஜயத்தின் தம்பி. கண்ணில் புரை.

"வெங்கி நடுங்கிப் போயிருக்கான்னா. நீங்க கூடப் போனாத்தான் உண்டு," என்று விஜயம் சொல்லியிருந்தாள். "ஆனா ஆபரேஷன்னு மட்டும் அவன்கிட்ட வாயைத் திறந்துடாதேங்கோ. எழுந்து ஓடிடுவான். சும்மா தைரியம் சொல்லிண்டே இருங்கோ, போதும்."

போன வாரம் பரிசோதனைக்கு வந்தபோதும் இதே கதைதான். ஒவ்வொரு மெஷினிலும் முதலில் சாம்பசிவன்தான் மோவாயை வைத்தார். "நீங்க வச்சுக் காட்டினாத்தான் அவனுக்குப் பயம் தெளியும்," என்று விஜயம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். ரத்தம்கூடக் கொடுத்தார். மச்சினனுக்காக ஒரு மனுஷன் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

இன்று காலை பழவங்காடிப் பிள்ளையாருக்கு வெங்கியின் பெயரைச் சொல்லிச் சிதறுகாய் போட்டதும் அவர்தான். தேங்காய் கல்லில் படாமல், சபரிமலைக்குப் போகிற ஒரு பக்தரின் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அந்தச் சாமி சரணம் விளித்த வேகத்துக்குச் சபரிமலையே கேட்டிருக்கும். வெங்கியும் விடவில்லை. "அத்திம்பேர், உங்க பேர்ல ஒண்ணு," என்று தானும் ஒரு காய் எறிந்தான். அது கல்லையும் தாண்டிப் பூக்காரியின் கூடைக்குள் போய்ப் பத்திரமாக உட்கார்ந்தது.

அந்த வெங்கியை இப்போது பக்கத்து நாற்காலியில் காணவில்லை.

ஓடிவிட்டானோ? சாம்பசிவன் எழுந்தார். சொட்டு மருந்து வேலை செய்யத் தொடங்கியிருந்தது. ஹாலில் இருந்த டியூப்லைட் எல்லாம் சூரியனாகிவிட்டன. மனிதர்கள் வேகவைத்த பனங்கிழங்கு போல நீளநீளமாக நகர்ந்தார்கள். வெங்கியைப் போலவே வழுக்கைத் தலையும் வெள்ளை வேட்டியுமாக இருந்த ஒரு கிழங்கைப் பிடித்து உலுக்கி, "எங்கடா போனே?" என்றார். அந்தக் கிழங்கு, தான் களியக்காவிளையிலிருந்து வந்த சத்தியநேசன் என்றும், கையை எடுக்காவிட்டால் நடப்பதே வேறு என்றும் சொல்லிற்று.

விஜயத்துக்குப் போன் செய்யலாம் என்று பார்த்தால், திரையில் எழுத்துகள் எறும்புகளாக ஊர்ந்தன. ஒரு எறும்பை நம்பி அழுத்தினார். எடுத்தவர் பிளம்பர்.

"சாரே, டேங்க் திரும்பவும் லீக்காணோ?"

"டேங்க் இல்லைப்பா, கண்ணு."

"கண்ணுல லீக்குக்கு எங்கிட்ட சாமானம் இல்ல சாரே," என்று அவர் போனை வைத்துவிட்டார்.

இனிமேல் அடையாளம் இல்லாமல் நடமாடுவது ஆபத்து என்று சாம்பசிவனுக்குத் தோன்றிற்று. நேரே கவுண்டருக்குப் போனார். அங்கே பிஜு என்ற பையன் உட்கார்ந்திருந்தான்.

"இதோ பாரு அப்பா, ஆள் தெரியாம எனக்குச் சொட்டு விட்டுட்டா. யார் எவர்னு தெரியற மாதிரி எனக்கு ஏதாவது அடையாளம் குடு."

"பேரு?"

"சாம்பசிவன்."

பிஜு கம்ப்யூட்டரைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "சாருக்கான வளையம் ரெடியா இருக்கே! கையை நீட்டுங்க." பட்டையாக ஒன்றை மணிக்கட்டில் மாட்டிவிட்டான். "இனி யாருக்கும் மாறிப்போகாது."

சாம்பசிவன் திருப்தியாகத் தலையாட்டினார். அதில் அச்சடித்திருந்தது என்ன என்று தெரியவில்லை, எறும்புதான். ஆனால் காலம் எவ்வளவு முன்னேறிவிட்டது! அவர் எத்தனையோ பேருக்குத் துணைக்குப் போயிருக்கிறார், ஒரு ஆஸ்பத்திரியாவது கைக்கு வளையம் போட்டு மரியாதை செய்ததுண்டா?

அந்த வளையத்துக்கு இருந்த மகிமையைச் சொல்லி முடியாது. நடந்து போனவரை ஒருவர் வழிமறித்துச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார். இன்னொருவர் செருப்பை வாங்கிப் பத்திரப்படுத்தினார். "பைஸ்டாண்டருக்கா இத்தனை உபசாரம்!" என்று சாம்பசிவன் வியந்துகொண்டிருந்தபோதே ரெம்யா வந்து வளையத்தைப் பார்த்தாள், வலது புருவத்துக்கு மேலே ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டினாள், கூடவே இன்னொரு முறை சொட்டும் விட்டாள்.

"இது எதுக்கும்மா? வளையம் போட்டாச்சே?"

"மாறிப்போகாம இருக்கத்தான் அப்பூப்பா. இது நல்லதுக்கில்லியா?"

"பேஷ். ஆனா அந்தச் சொட்டு மட்டும் வேண்டாம். நான் துணைக்கு வந்தவன். என் மச்சினன் கூடவே உள்ளே போகணும், அவனுக்குப் பயம்."

"உள்ள போகலாம். பின்னே என்ன? இந்த கவுனைப் போட்டுட்டாப் போதும்."

கேட்ட உடனே அனுமதி கிடைத்ததில் சாம்பசிவனுக்கு ஒரு சின்னச் சந்தேகம் எட்டிப்பார்த்தது. பார்த்துவிட்டு, அலுப்பில் உட்கார்ந்துவிட்டது. பச்சை கவுனையும் தலைக்குப் பச்சைத் தொப்பியையும் மாட்டிக்கொண்டு உள்ளறைக்குள் தள்ளப்பட்டார்.

அங்கே பச்சைக் கவுனில் ஏற்கெனவே ஒரு உருவம்.

"அத்திம்பேர்?"

"வெங்கி! எங்கடா தொலைஞ்சு போனே?"

"சும்மா... ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னு," என்றான் வெங்கி. கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

பாவம், தனியாகப் போய் அழுதிருக்கிறான் என்று சாம்பசிவனுக்கு மனம் இளகிற்று. நெற்றியில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. பயத்தில் விபூதியைக்கூடக் கோணலாக இட்டுக்கொண்டிருக்கிறான். தனக்குச் சொட்டு விட்ட கதையைச் சொன்னால் இன்னும் மிரண்டுவிடுவான் என்று அதை விழுங்கிக்கொண்டார்.

"பயப்படாதேடா, நான் இருக்கேன்."

"நீங்க பயப்படாதேங்கோ அத்திம்பேர், நான் இருக்கேன்."

"எனக்கென்னடா பயம்? நான் பார்க்காததா? கண்ணுக்குள்ள ஒரு லென்ஸ் இருக்கு. வயசானா அது குளியலறை ஜன்னல் கண்ணாடி மாதிரி மங்கிப்போறது. அதுதான் புரை. எந்தச் சொட்டு விட்டும், எந்தக் கண்ணாடி போட்டும் அது தெளியாது. மரத்துப்போக மருந்து விட்டுட்டு, ஓரத்துல துளியூண்டு கீறி, மங்கினதை உடைச்சு மெஷின்ல உறிஞ்சி எடுத்துடுவா."

"ஆமா அத்திம்பேர். அப்புறம் புது லென்ஸை மடிச்சு உள்ளே விடுவா. அது உள்ள போய்ப் பாய் விரிக்கற மாதிரி தானே விரிஞ்சுக்கும். தையல்கூட இல்லையாம்."

"நீ இவ்வளவு தெரிஞ்சு வச்சிண்டா நடுங்கறே?"

"நானா? நான் எங்கே நடுங்கறேன்? நீங்க திடமா இருந்தாப் போதும்."

"நான் திடமாத்தான் இருக்கேன். நீ இரு."

"நான் இருக்கேன், நீங்க இருங்கோ."

இப்படி இருவரும் ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொண்ட தைரியத்தைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு பட்டாளத்தை எல்லைக்கு அனுப்பியிருக்கலாம்.

"வெங்கி," என்றார் சாம்பசிவன், குரலைத் தழைத்துக்கொண்டு. "உன்கிட்ட மட்டும் சொல்றேன். எனக்கும் இந்தப் பாழாப்போன புரை இருக்கு. ரெண்டு கண்ணுலயும். விஜயம் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டா அவ மூஞ்சி தெரியறதில்லைடா. குரலை வச்சுத்தான் சிரிக்கறாளா கோவிச்சுக்கறாளான்னு கண்டுபிடிக்கறேன். பேசாம இருந்தா அதுவும் தெரியறதில்லை."

"எங்க எல்லாருக்கும் தெரியும் அத்திம்பேர்," என்றான் வெங்கி, குழந்தையிடம் பேசுவதுபோல. "அதுக்கு வழி இருக்கே."

"வழி இருக்கு. எத்தனை பேரைக் கூட்டிண்டு வந்து, எத்தனை பேரைக் கண்ணு தெரிஞ்சு ஆத்துக்குக் கூட்டிண்டு போயிருக்கேன்! ஆனா எனக்குன்னு வந்தா கை கால் உதறறதுடா. இப்போ ஏதோ நிழலாட்டமாவது தெரியறது. அதுவும் போயிடுத்துன்னா?"

வெங்கி அவர் கையைப் பிடித்தான். "எனக்கும் அதேதான் அத்திம்பேர்... ஆத்துக்காரி சாவித்ரி எத்தனையோ தரம் சொல்லியாச்சு. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு நானும்..."

சாம்பசிவனுக்குச் சுருக்கென்றது. அடுத்த வருஷமா? இன்றைக்கு உள்ளே போகப்போகிறவன் எதற்கு அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேசுகிறான்? அதற்குள் கதவு திறந்து ஒரு சிஸ்டர் வெங்கியின் கையைப் பிடித்து இடது பக்கமாக அழைத்துக்கொண்டு போனாள். "ஒரு பிரஷர் நோக்கணும், அவ்வளவுதான்," என்றாள்.

அவன் போன சற்று நேரத்தில் வேறொரு கதவு திறந்தது. ஜிஷா என்று இன்னொரு சிஸ்டர். சாம்பசிவனின் வளையத்தைப் பார்த்தாள், பிளாஸ்திரியைத் தொட்டாள், தோளைப் பிடித்து எழுப்பினாள்.

"சாம்பசிவன், வலது கண்ணு. வாங்க அப்பூப்பா, டேபிள் ரெடி."

"எனக்கா? எனக்கில்லை! அவனுக்கு!" என்று அவர் காட்டிய நாற்காலியில் ஆளில்லை.

"உங்களுக்குத்தான்."

"நான் பைஸ்டாண்டர்! வளையம் போட்டிருக்கேன், பாரு!"

"அந்த வளையத்தைப் பார்த்துத்தானே கூப்பிடறேன்?"

சாம்பசிவனின் கால்களுக்குத் திடீரென்று பதினாறு வயசாயிற்று. கவுன் பின்னால் பறக்க, தொப்பி ஒரு காதில் தொங்க, வெளிச்சம் எங்கே அதிகமோ அதுதான் வாசல் என்று கணக்குப் போட்டு ஓடினார். சொட்டு விட்ட கண்ணுக்கு எல்லாத் திசையும் வாசல்தான். முதலில் துணி அலமாரிக்குள் போய்வந்தார். பிறகு நடையில் திரும்பினார். எதிரே இன்னொரு பச்சைக் கவுன், அதே வேகத்தில், அதே மாதிரித் தொப்பியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓடிவந்தது. இரண்டும் மோதிய சத்தத்தில் தம்பானூர் ஸ்டேஷனில் நின்ற ரயில் புறப்பட்டுவிட்டிருக்கும்.

"அத்திம்பேர்!"

"வெங்கி! நீ ஏண்டா ஓடறே? உள்ளே போடா!"

"நான் எதுக்குப் போகணும்? நீங்கதானே போகணும்? நான் உங்களுக்குத் துணைக்கு வந்தவன்!"

"நீ எனக்குத் துணையா? நான் உனக்குத் துணைடா!"

"சிஸ்டர், இவர்தான் பேஷண்ட்!"

"சிஸ்டர், இவன்தான் பேஷண்ட்!"

இரண்டு வளையம் போட்ட கைகள் தரையில் உட்கார்ந்தபடியே ஒன்றையொன்று சுட்டிக்காட்டின. ஜிஷா ஒரு பக்கமும் வெங்கியைத் துரத்திக்கொண்டு வந்தவள் மறுபக்கமும் மூச்சு வாங்க நின்றார்கள். சிஸ்டர் ரெம்யா மட்டும் அவசரமே இல்லாமல் வந்து, குனிந்து, இருவருடைய தொப்பியையும் நேராக்கினாள்.

"ரெண்டு பேரும் பேஷண்ட்தான் அப்பூப்பா. பைஸ்டாண்டரா வந்த விஜயம் அம்மா, சாவித்ரி அம்மா ரெண்டு பேரும் கேண்டீன்ல இருந்து இப்பத்தான் கேட்டு அனுப்பினாங்க, நீங்க ஒருத்தருக்கொருத்தர் தைரியம் சொல்லி முடிச்சாச்சான்னு."