மாமனார் ஐந்து மணி நேரத்தில் பறந்து வந்த கதை

தப்பாகப் பேசி அவமானப்பட்டவனுக்கு ஓர் ஆறுதல் உண்டு. அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். நான் சரியாகப் பேசி அவமானப்பட்டவன். எதைத் திருத்துவது, சொல்லுங்கள்!

ஐம்பதுகளின் கடைசியில் திருவரங்குளத்தில் பூகோள வாத்தியாராக இருந்தேன். ஆவூரில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். ஆரோக்கியமேரியைக் கோயில் திருவிழாவில் ஒரே ஒரு முறை பார்த்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை (சரி, இறங்கியது, ருசிக்கவில்லை). அவள் அப்பா சவரிமுத்து சிங்கப்பூரில் கடை வைத்திருந்தவர். நிச்சயதார்த்தத்துக்காக விமானத்தில் வந்திருந்தார். தவக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே கோயில் பூசையில் எங்கள் கல்யாண ஓலையை, அதாவது இன்னாருக்கு இன்னார் என்ற அறிவிப்பை, சாமியார் வாசிக்காவிட்டால், ஈஸ்டர் கழியும்வரை கல்யாணம் கிடையாது.

தட்டு மாற்றுவதற்கு முன் மாமா விமானக் கதையை ஆரம்பித்தார்.

“காலைல பத்து மணிக்கு சிங்கப்பூர்ல ஏறுனேன். மெட்ராஸ்ல எறங்குறப்ப அங்க கடியாரத்துல மூணு மணி. அஞ்சே மணி நேரம்! ஆனா என் கைக்கடியாரம் அஞ்சு மணி காட்டுது. ஒசரத்துல பறந்ததுல பயந்துபோயி ரெண்டு மணி நேரம் கூட ஓடிருச்சு. புதுக்கோட்டையில ரிப்பேருக்குக் குடுத்துருக்கேன்.”

கூடம் முழுக்க ‘அடேயப்பா’ என்றது. அட்லஸில் நூல் பிடித்து அந்தத் தூரத்தை அளந்து பாடம் நடத்தியவன் நான். எப்படிச் சும்மா இருப்பேன்?

“கடியாரம் சரியாத்தான் ஓடியிருக்கு மாமா. ஆயிரத்து எண்ணூறு மைல். ஏழு மணி நேரம் பறந்திருக்கீங்க. சிங்கப்பூர்ல நமக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே விடிஞ்சிரும்ல?”

“பறந்தது நானா, நீங்களா மாப்ளே?”

அப்பா என் தொடையைக் கிள்ளினார். கிள்ளினால் பூமி சுற்றுவது நின்றுவிடுமா? சீர்த்தட்டிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்தேன். மாதா படத்துக்கு முன் எரிந்த மெழுகுவர்த்தியைச் சூரியனாக நியமித்தேன். நகத்தால் சிங்கப்பூரைக் குத்தினேன். அடுத்து மெட்ராஸைக் குத்தியபோது பீறிட்ட சாறு, நேரே மாமாவின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. தட்டு மாற்றும் முன்பே சீர்ப் பழத்தில் நகம் வைக்கிறானே என்று பெண்வீட்டு அம்மாள் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

மாமா எழுந்துவிட்டார். “அஞ்சு மணி நேரத்துல வந்தவனை ஏழு மணி நேரம் ஒக்கார வைக்கிறாரு! இவரு எம்பொண்ணை என்ன பாடு படுத்துவாரோ? ஓலை வாசிக்க வேணாம்னு சாமியார்ட்ட சொல்லிர்றேன்.”

அப்பா கெஞ்சிக் கூத்தாடி அவரை உட்கார வைத்தார். ஒரே ஒரு நிபந்தனை: எல்லோர் முன்னாலும் மாப்பிள்ளை தன் வாயால் ஐந்து மணி நேரம் என்று சொல்ல வேண்டும். என்ன அக்கிரமம்! இதற்காகவா நான் படித்துப் பாஸ் செய்தேன்? அப்போது சமையலறைக் கதவிடுக்கில் மேரியின் பாதி முகம் தெரிந்தது. அந்தப் பாதி முகத்துக்காக முழுப் பூகோளத்தையும் காட்டிக்கொடுத்தேன்.

“அஞ்சு மணி நேரந்தான் மாமா.”

“கடியாரம்?”

“பயந்துருச்சு மாமா.”

ஓலை வாசித்தார்கள். கல்யாணமும் நடந்தது. இன்றுவரை வீட்டில் நான் எதைச் சரியாகச் சொன்னாலும் மேரி பதிலே பேசுவதில்லை. ஐந்து விரலை விரித்துக் காட்டுவாள். பேரப்பிள்ளைகள்கூட இப்போது காட்டுகின்றன. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பொறுக்காமல் ஒருநாள் கேட்டே விட்டேன். “நெசமாவே அஞ்சு மணி நேரம்னுதான் நம்புறியா?”

“ஏழுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்ங்க” என்றாள். “இந்த மனுசன் வாயில அஞ்சுன்னு வரணுமேன்னு கதவுக்குப் பின்னாடி நின்னு மாதாட்ட செபம் பண்ணிக்கிட்டு இருந்தேன்.”