தெருவைத் துரத்திய டைகர் மாத்

வீட்டைக் காலி செய்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர். ஒரு தெருவையே காலி செய்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். அதுவும் முன்னால் நின்று, "ஓடுங்க ஓடுங்க" என்று தொண்டை கிழியக் கத்திச் செய்தேன். எதற்காக ஓடுகிறோம் என்பது மட்டும் எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. வடசென்னையில், கெமிக்கல் ஃபாக்டரிகளுக்குப் பக்கத்தில் உள்ள எர்ணாவூரில் அம்மா, தங்கை செல்வியோடு இருந்தேன். துறைமுகத்தில் கன்டெய்னர் பேப்பர் பார்க்கும் உத்தியோகம். மிச்ச நேரத்தில், பழைய காலத்துக் குட்டி விமானங்களை அளவு பிசகாமல் சின்னதாகச் செய்து பறக்கவிடும் பைத்தியம். (சின்னது என்றால் இறக்கை மட்டும் அஞ்சரை அடி. அம்மா பீரோவுக்குப் போக நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடப்பாள்.) அந்த வருடம் கையில் இருந்தது டைகர் மாத், மேலே ஒன்று கீழே ஒன்று என இரட்டை இறக்கை வைத்த பயிற்சி விமானம். எட்டு மாத வேலை.

இன்னொரு பக்கம் செல்விக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். பெண் பிடித்துப்போய், ஜாதகமும் பொருந்தி, "எர்ணாவூரா? அங்க கேஸ் லீக் ஆகுமாமே" என்று இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. எங்களுக்கு எதிரில் செல்வி சிரித்தாள். பிறகு பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய் நிற்கும்வரை நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

மூன்றாவதாக, அம்பத்தூரிலிருந்து ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொன்னது. அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தோ பாரு, அவங்க வர்றப்போ அந்த பொம்ம ஏரோப்ளேன் கண்ணுல படக்கூடாது. முப்பது வயசு ஆம்பள பொம்ம செஞ்சிகினு கீறான்னு தெரிஞ்சா, குடும்பமே லூசுன்னு நெனச்சிப்பாங்க. இந்த எடமும் போச்சுன்னா அவ தாங்கமாட்டாடா."

பரணில் ஏற்றிவிடலாம். ஆனால் மேல் இறக்கைக்கு அப்போதுதான் பட்டுத்துணி ஒட்டியிருந்தேன். அதன்மேல் டோப் என்ற வார்னிஷை நாலைந்து முறை பூசினால்தான் துணி இறுகி விறைப்பாக நிற்கும். பாதியில் விட்டால் கோணிக்கொள்ளும். மொட்டை மாடியில் பூசினால் கடல்காற்று ஈரத்துக்கு வெளுத்துப்போகும். ஆகவே வெள்ளியும் சனியும் அறைக்குள்ளேயே பூசினேன். அழுகிய வாழைப்பழத்தை நெயில் பாலிஷில் ஊறவைத்த வாடை. சனி ராத்திரிக்குள் எங்கள் வீட்டு மூன்று மூக்கும் மரத்துப்போயின. வாடையே போய்விட்டது என்று நான் நம்பினேன். ஞாயிறு காலை கடைசிப் பூச்சைத் தாராளமாகப் பூசி, சீக்கிரம் காயட்டும் என்று டேபிள் ஃபேனைத் தெருப்பக்க ஜன்னலைப் பார்த்து வைத்தேன். (இதை எழுதும்போது எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.)

பத்தரை மணிக்குத் தெருவில் ஒரே கூச்சல். டீக்கடை பஷீர் பாய் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கேஸு லீக் ஆயிகினு கீது! கண்ணு எரியுது! எல்லாம் வெளிய வாங்க!" என்று கத்தினார்.

அந்த வார்த்தையைக் கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் யோசிப்பதில்லை. துண்டை நனைத்து மூக்கில் கட்டுவோம். கம்பத்துக் கொடி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்து, காற்று வருகிற பக்கமாக ஓடுவோம். செல்வி சர்ட்டிபிகேட் ஃபைலை எடுத்தாள். அம்மா கேசரிக் குண்டானை எடுத்தாள். நான் இறக்கையை எடுத்தேன்.

கொடி மேற்கே ஆடியது. நாங்கள் கிழக்கே ஓடினோம். எழுபது பேராவது இருக்கும். இறக்கையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நான் எல்லோருக்கும் முன்னால். ரோட்டு முனையில் நின்று மூச்சு வாங்கினோம்.

"இங்கயும் அடிக்குதே!" என்றார் பாய்.

எனக்கு எதுவும் அடிக்கவில்லை. ஊருக்கே தெரிகிற நாற்றம் எனக்கு மட்டும் தெரியவில்லையென்றால், விஷம் எனக்குத்தான் முதலில் ஏறியிருக்கிறது! "நிக்காதீங்க, போங்க போங்க!" என்று கூட்டத்தைப் பள்ளிக்கூட மைதானம்வரை விரட்டினேன். அங்கேயும் அடித்தது.

பாய் கொடியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா பேஜாரா கீது. காத்து அந்தாண்ட போவுது, நாம இந்தாண்ட வரோம். நாத்தம் கூடவே வாக்கிங் வருது?"

"கனமான கேஸ் பாய். தரையோட தரையா வரும்" என்று விளக்கினேன். (நான் படித்தது பி.காம்.)

அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. அம்பத்தூர்க்காரர்கள்! மாப்பிள்ளை முரளியும் அவர் அம்மாவும் எட்டிப் பார்த்தார்கள். ஈரத்துண்டு கட்டிய எழுபது பேர். நடுவில் ஃபைலோடு மணப்பெண், குண்டானோடு பெண்ணின் அம்மா, இறக்கையோடு பெண்ணின் அண்ணன்.

யாரோ "கேஸு லீக்குமா" என்றார்கள். அந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். "வண்டிய திருப்புடா முரளி. எனக்கு அப்பவே இந்த ஏரியா சரிப்படலை." செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

முரளி வண்டியைத் திருப்பவில்லை. இறங்கி வந்து காற்றை முகர்ந்தார். என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அவர் வைத்திருப்பது கார் பெயிண்டிங் பட்டறை.

"அண்ணே, கையில இருக்கறத கொஞ்சம் தள்ளி வெச்சிட்டு வர்றீங்களா?"

வைத்துவிட்டு வந்தேன். பாய் துண்டை அவிழ்த்து மூச்சிழுத்தார். "போச்சு!" இறக்கையருகே போனார். "கீது!" திரும்பி வந்தார். "போச்சு!" எழுபது பேரும் மெதுவாக என்னைப் பார்த்தார்கள். அப்போதும் எனக்குப் புரியவில்லை. "கேஸ் அங்க மட்டும் நிக்குதா பாய்?" என்று கேட்டேன்.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தாள், செல்வியைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். மகன் மானமா, மகள் கல்யாணமா? குண்டானை இறக்கிவைத்துவிட்டு மைதானம் அதிரக் கத்தினாள்.

"கேஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல சம்பந்தி!" (இன்னும் பூகூட வைக்கவில்லை, அதற்குள் சம்பந்தி!) "எல்லாம் என் புள்ள பண்ண வேல! எட்டு மாசமா பொம்ம ஏரோப்ளேன் செஞ்சிகினு கீறான், அதுக்குப் பூசற வார்னிஷு! ஊரு நல்லாத்தான் கீது, காத்து நல்லாத்தான் கீது, இவன்தான் லூசு! வேணும்னா கேட்டுப் பாருங்க!"

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. "ஆமாங்க, லூசுதான்" என்று தெருவே சாட்சி சொன்னது.

அந்த அம்மா முந்தானையை விலக்கி, ஜாக்கிரதையாக மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"பொண்ணுக்கு இந்தப் பழக்கம் எதுவும் இல்லையே?"

"சேச்சே!" என்றாள் அம்மா.

செல்வி ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கேசரி மைதானத்திலேயே தீர்ந்தது. ஆறு மாதத்தில் கல்யாணம். டைகர் மாத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துக் கொடுத்தது முரளிதான். அம்பத்தூர் பட்டறையில், ஜன்னலை நன்றாகச் சாத்திவிட்டு.

இன்றைக்கும் எங்கள் பக்கம் ஏதோ நாற்றம் அடிக்கிறது என்று கேள்விப்பட்டால் அம்பத்தூரிலிருந்து செல்வியின் போன் வந்துவிடும். "அண்ணா, நீதானே? நீதான்னு சொல்லிடு." ஆமாம் என்றால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு நிம்மதியாகச் சமைக்கப் போவாள். இல்லை என்றால், அம்மாவையும் என்னையும் உடனே கிளம்பிவரச் சொல்லிப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போன் செய்வாள். அதனால், வீட்டில் டோப் டப்பா தீராமல் பார்த்துக்கொள்கிறேன்.