ஜப்பானியம் தெரிந்த மாப்பிள்ளை

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடும் முட்டாளால் ஊருக்குக் கெடுதல் இல்லை. கால்வாசி தெரிந்துகொண்டு மீதியை மீசையை முறுக்கிச் சமாளிப்பவன்தான் ஆபத்தானவன். இருபத்திரண்டு வயதில் நான் இரண்டாவது ரகம். மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை.

எங்கள் தீவின் தெற்கே, சுரினாம் என்ற கிராமத்தில், எங்கள் அப்பாவுக்குக் கொஞ்சம் கரும்பு நிலம். எனக்கு அதில் இறங்க இஷ்டமில்லை (வெயில் ஆகாத உடம்பு என்று நானே கண்டுபிடித்திருந்தேன்). ஒருநாள் தலைநகர் போர்ட் லூயிஸ் சந்தையில், பழைய காகிதக் குவியலில், ஜப்பானிய மொழியை ஆங்கிலத்தில் கற்பிக்கும் புத்தகம் ஒன்று கிடைத்தது. முன்பக்கங்களையும் பின்பக்கங்களையும் கறையான் படித்து முடித்திருந்தது. எனக்கு மிஞ்சியது நடுவில் ஒரே ஓர் அத்தியாயம்: சொற்களுக்குப் பின்னால் ஒட்டும் குட்டி உருபுகள்.

புதிதாகப் படிப்பவர்கள் எல்லோரும் குழம்பும் இடமாம் அது. நான் குழம்பவில்லை. தமிழன் அல்லவா, நமக்கும் உருபு பின்னால்தானே வருகிறது! எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று காட்ட 'வா'. செய்தது இன்னார்தான் என்று அழுத்த 'கா'. எதைச் செய்தோம் என்பதற்கு 'ஓ'. 'வீட்டில் இருக்கிறேன்' என்றால் 'நி'. 'வீட்டில் சாப்பிடுகிறேன்' என்றால் 'தே'. நமக்கு இரண்டுக்கும் 'இல்' போதும். அவர்களுக்குச் சும்மா இருக்கும் இடம் வேறு, வேலை நடக்கும் இடம் வேறு. (அந்த விதிப்படி அப்பாவின் வயலில் நான் என்றைக்கும் 'நி'தான்.) மூன்றே மாதத்தில் அத்தியாயம் மனப்பாடம். ஒட்டவைக்கத்தான் ஒரு ஜப்பானியச் சொல்கூடக் கைவசம் இல்லை. மாடே இல்லாமல் வாலை மட்டும் சேர்த்து வைத்திருந்தேன்.

இந்த லட்சணத்தில் பக்கத்து ஊரான செமின் கிரனியேவுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் பெயர் லெட்சுமி. அவளுடைய அப்பா சின்னத்தம்பி மாமா துணிக்கடை வைத்திருந்தார். கோயில் தர்மகர்த்தாவும் அவரே.

"தம்பிக்கு என்னென்ன தெரியும்?" என்று கேட்டார்.

லெட்சுமியை எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. வாய் முந்திக்கொண்டது. "ஜப்பானியம் பேசுவேன்" என்றேன்.

மாமா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கடையில் பாதிக்குமேல் ஜப்பான் துணி. "துறைமுகத்துல ஜப்பான் கப்பல் நிக்குது. அதுல ஒரு அதிகாரி நமக்குப் பழக்கம். பேச்சு ஒண்ணும் இல்ல, சிரிச்சுச் சிரிச்சே பழக்கம். காவடிக்கு அழைச்சிட்டு வர்றேன். ஊர் முன்னால நீங்க அவர்கிட்ட பேசணும் மாப்பிள்ளை. அன்னைக்கே தட்டு மாத்திக்கலாம்."

பேசாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

காவடி முடிந்து பந்தி போட்டார்கள். ஏழு கறிச் சாப்பாடு. ஜப்பான்காரர் வாழையிலை முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். பக்கத்தில் நான். சுற்றி ஊர். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"இலை நி" என்றேன். "சோறு ஓ. கோயில் தே."

அந்தப் புண்ணியவான் மரியாதையாகத் தலை தாழ்த்தி, "ஹை" என்றார் (அவர்கள் பாஷையில் 'ஆமாம்').

"பொந்தியே, கடவுளே! என்னமா பேசுறாரு!" என்று பந்தியே வாயைப் பிளந்தது.

அதற்குப் பிறகுதான் வினை. இலையில் விழுந்ததை மிச்சம் வைப்பது அவருக்கு மரியாதைக் குறைவு. விருந்தாளியின் இலை காலியாக இருப்பது நமக்கு அவமானம். போதுமென்றால் இலையை மடிக்க வேண்டும். அது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பருக்கை விடாமல் வழிக்க வழிக்க, நம்மவர்கள் கொட்டக் கொட்ட, பலாக்காய்க் கறி மட்டும் நான்கு சுற்று போயிற்று. கடைசியில் அவர் இலைக்கு மேல் கையை நீட்டி, என்னிடம் நீளமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு மாப்பிள்ளை?"

அந்த வாக்கியத்தில் இரண்டு 'வா', ஒரு 'தே' இருந்ததை நான் துல்லியமாகக் கண்டுகொண்டேன். மற்றதெல்லாம் கறையானுக்குத்தான் வெளிச்சம்.

"கூச்சப்படுகிறார். இன்னும் வைக்கலாம் என்கிறார்."

வைத்தார்கள். மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. சட்டைப் பொத்தானைக் கழற்றினார். என் இலையை நான் மடித்துக் காட்டியிருந்தாலே போதும், அவர் பிழைத்திருப்பார். ஆனால் வாயால் சொல்லக்கூடியதை ஏன் கையால் காட்டுகிறாய் என்று ஊர் கேட்குமே! என் கௌரவத்துக்காக ஒரு நல்ல மனிதரைத் தவிக்கவிட்டேன். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பாயச வாளி எங்கள் பக்கம் திரும்பியது. பெண்கள் பந்தியிலிருந்து லெட்சுமி எழுந்தாள். நேராக வந்தாள், குனிந்தாள், ஜப்பான்காரரின் இலையைத் தன் கையால் மடித்துவிட்டாள்.

வாளி அப்படியே நின்றது. அவர் இரண்டு கையையும் ஊன்றி, நெற்றி தரையில் படும்படி அவளை வணங்கினார்.

"என்ன காரியம்டி பண்ணுன!" என்று மாமா அலறினார்.

"அந்த மனுசன் செத்துடுவாருப்பா. மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது, இதுக்கு எதுக்குப் பாஷை?" பிறகு என்னைப் பார்த்தாள். "இவருக்கு ஒண்ணும் தெரியாது."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்நிய ஆம்பளையோட எச்சில் இலையத் தொட்டுட்டியே. இனிமே உன்னை எவன் கட்டுவான்?"

"நான்" என்றேன்.

அன்று நான் பேசியதில் எல்லோருக்கும் புரிந்த சொல் அது ஒன்றுதான். லெட்சுமி சற்று யோசித்தாள்.

"சரிப்பா" என்றாள். "ஆனா ஜப்பானியம் பேசக்கூடாது."

நாற்பது வருஷம் ஆகிறது. வீட்டில் யாராவது அளக்க ஆரம்பித்தால், "இலையை மடிங்க!" என்று பேரப்பிள்ளைகள்கூடக் கத்துகிறார்கள். போன தீபாவளிக்குக் கடைசி மருமகன் வந்திருந்தான். சாப்பாட்டின் நடுவே 'நி'க்கும் 'தே'க்கும் உள்ள வித்தியாசத்தை அவனுக்கு விளக்கத் தொடங்கினேன் (அது எனக்கு உண்மையாகவே தெரியும்!). பாதி வாக்கியத்தில் கீழே பார்த்தேன். என் இலை மடிந்திருந்தது. பாயசம் இன்னும் வந்திருக்கவில்லை.