அந்த ஒரே ஒரு போன்

அன்பு மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதுவது. இங்கே உடம்பைப் பொறுத்தவரை எல்லோரும் சுகம். மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே நீங்களும் தங்கச்சியும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். கடிதத்தின் கடைசியிலும் அப்படியே நினைப்பேனா என்பது சந்தேகம்.

அட்டைப்பெட்டி ஆலையை மூடி என்னை வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து, நேரில் கூப்பிட்டுப் பேசிய ஒரே இடம் அந்த மருந்து மொத்த விற்பனைக் கம்பெனிதான். கிடங்கு மேற்பார்வை வேலை. ஆளெடுக்கும் அம்மா சிரித்த முகமாகப் பேசி, சொல்லி அனுப்புவதாகக் கூறி அனுப்பிவைத்தார். என் வயதுக்காரனை இனி வேறு யாரும் கூப்பிடப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும், உங்கள் அக்காவுக்கும் தெரியும். இருவரும் அதை வாய் திறந்து சொல்லிக்கொள்வதில்லை. நீங்களும் ஆளெடுக்கும் உத்தியோகம் பார்ப்பவராயிற்றே என்று உங்களிடம் யோசனை கேட்டேன். நீங்கள் சொன்னது எனக்கு மனப்பாடம்: "மாமா, ஒரு வாரம் பொறுங்க. அப்புறம் ஒரே ஒரு போன். குரல்ல அவசரம் தெரியவே கூடாது, தெரிஞ்சா எங்களுக்கு எரிச்சலாயிடும்." என் காது கொஞ்சம் மந்தம் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அங்கேதான் சனியன் பிடித்தது. சமையலறையில் உங்கள் அக்காவும் கூடத்தில் பேப்பரோடு உங்கள் அப்பாவும் அதே பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரம் முழுக்கப் போனை நான் கையிலிருந்து இறக்கவில்லை. மணி அடிக்கிறதா என்று உங்கள் அக்கா சமையலறையிலிருந்து தன் போனில் எனக்கு அடித்துப் பார்ப்பாள். நான் பதறி எழுந்து நின்று, வணக்கம் மேடம் என்பேன். முதல் தடவை சிரித்தோம். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. வாரம் முடிந்ததும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, போனில் சட்டை தெரியாது என்று உங்கள் அப்பா சொன்னதையும் கேட்டுக்கொண்டு, மொட்டை மாடிக்குப் போய் அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். அவசரம் தெரியக் கூடாதென்று நான் அத்தனை நிதானமாகப் பேசியதில், லைனில் இருக்கிறேனா என்று அவர் இரண்டு தடவை கேட்டார். அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். மத்தியானம் நான் கண்ணயர்ந்த நேரம் பார்த்து உங்கள் அக்கா என் போனிலிருந்து நம்பரை எடுத்து அந்த அம்மாவுக்கு அடித்திருக்கிறாள். ரொம்ப நல்ல மனுஷன், வீட்டிலேயே உட்கார்ந்தால் உடைந்துபோய்விடுவார் என்று ஆரம்பித்தவள் பாதியில் அழுதுவிட்டாளாம். சாயங்காலம் நடக்கப் போன உங்கள் அப்பா, தெருமுனையில் நின்று அதே அம்மாவைக் கூப்பிட்டு, பெரிய மனிதர் சிபாரிசு செய்கிற தோரணையில், மருமகனுக்கு ரத்தக்கொதிப்பு உண்டு, ஆனால் மாத்திரையை விடுவதில்லை, மருந்துக் கம்பெனிக்கு அது வசதிதானே என்றாராம். நீங்கள் சொன்ன அந்த ஒரே ஒரு போன் தன்னுடையதுதான் என்று ஆளாளுக்கு நினைத்திருக்கிறார்கள்.

மறுநாள் அந்த அம்மாவே கூப்பிட்டார். "சார், இந்த வேலைக்கு உங்க வீட்ல எத்தனை பேர் வர்றதா இருக்கீங்க?" பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், இனி யாரும் கூப்பிட வேண்டாம், நாங்களே சொல்கிறோம் என்று வைத்துவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? உங்கள் அக்காவைத் திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் என்னைப் பற்றி ஒருவரிடம் இவ்வளவு நல்லதாகப் பேசியது இதுதான் முதல் தடவை. அதைக் கேட்கிற கொடுப்பினையும் அந்த அம்மாவுக்குத்தான் வாய்த்தது.

ஆகவே மாப்பிள்ளை, பற்றவைத்த நீங்களே அணைக்கவும் வேண்டும். உங்களுக்கென்ன, குளுகுளு அறை, சுழல் நாற்காலி. அதில் சாய்ந்தபடியே அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். அதே தொழில்காரர் போன் செய்தால் எரிச்சல் வராது. குரலில் அவசரம் தெரியக் கூடாதென்று வேலையில் இருக்கிறவர்தான் சுலபமாகச் சொல்ல முடியும். எனக்குப் பயமாக இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பு, குழந்தைக்கு என் ஆசி. உங்களுக்கு உரியதை எனக்கு வேலை கிடைத்த பிறகு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் குடும்பத்தில் பெண்ணெடுத்த மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தங்கச்சி போன் செய்தாள். உங்களையும் கம்பெனியை விட்டு அனுப்பி மாதக் கணக்காகிறதாம். அப்படியென்றால் எனக்கு யோசனை சொன்ன அன்று நீங்களும் ஒரு போனுக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். குரலில் கொஞ்சம்கூடத் தெரியவில்லை, மாப்பிள்ளை. நாற்காலியைப் பற்றி எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஒரு நடை வந்து போங்கள், இருவரும் மாடியில் உட்கார்ந்திருப்போம். நீங்கள் எங்கெங்கே மனுப் போட்டிருக்கிறீர்கள், யாரிடம் விசாரிக்க வேண்டும் என்று தங்கச்சி போனில் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். உங்கள் அக்காவும் அப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார்கள். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன், பாதிதான் கேட்டது. ஸ்பீக்கரில் போடவில்லை.