துட்டி வீட்டில் ஒலித்த குரல்

உப்பூரைத் தாண்டிக் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு சவ ஊர்வலம் சுடுகாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன் ஒலிபெருக்கியில் என் குரல் எனக்கே சாபம் விட்டுக்கொண்டிருந்தது.

செத்தவர் சேதுராசு, எனக்கு அண்ணன் முறை, விவசாயி. வாலிபத்தில் ஒரு வயலை விற்றுச் சென்னைக்குப் போய், எலக்ட்ரானிக் கீபோர்டை மட்டும் வைத்து ஓர் இசைத்தட்டு போட்டவர். அதில் பாடுகிறவர் இல்லை, அதை வாங்குகிறவரும் இல்லை. கம்பெனி மூடியபின் மிஞ்சியது அவர் பீரோவில் இருந்த ஒரே தட்டு.

நான் அப்போது ராமநாதபுரத்தில் பென்டிரைவில் பாட்டு ஏற்றித்தரும் கடையில் இருந்தேன். (ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு அதுவே ஆராய்ச்சி நிலையம்.) இந்த மாதிரித் தட்டுகளை வெளிநாட்டுக்காரர்கள் அலைந்து தேடுவதை இணையத்தில் பார்த்தேன். எங்கும் கிடைக்காத இசையைக் காப்பி போட்டு விற்பது திருட்டா? இல்லை, தொண்டு என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அண்ணனிடம், "சும்மா கேட்டுட்டுத் தாரேண்ணே" என்று மட்டும் சொல்லி வாங்கிவந்தேன்.

என் காப்பியை வேறொருவன் காப்பி அடித்துவிட்டால்? எங்கள் தொழிலில் அதற்கு மருந்து, பாட்டின் நடுவே நம் குரலைப் போட்டுவிடுவது. தட்டு சுற்றிப் பதிவாகும்போதே மைக்கில் கத்தினேன்: "எச்சரிக்கை! இது மாரியின் வெளியீடு! திருடுறவன் வெளங்கவே மாட்டான்!" குரல் இல்லாமல் ஒரு பிரதி எடுத்துவைக்கத் தோன்றவில்லை. தட்டை வெயிலில் வைத்துவிட்டுப் புரோட்டா தின்னப் போனேன். திரும்பி வந்தால் அப்பளமாக நெளிந்திருந்தது. "பத்திரமா இருக்குண்ணே" என்று அண்ணனிடம் போனில் சொன்னேன்.

(வாங்கிய வெள்ளைக்காரர் ஒருவர், நடுவில் வரும் ஆவேசக் குரல் அற்புதம் என்று எழுதினார். அதையும் சேர்த்தே காப்பி அடித்தவர்கள் நன்றாகவே விளங்கினார்கள்.)

அண்ணன் செத்த அன்று அவர் மகள் முத்துலெட்சுமி கூப்பிட்டாள். "சித்தப்பா, அய்யாவ எடுக்கயில அவரு வாசிச்சதப் போடணும். வீட்டுல தட்டுப் போடுற மெஷின் இல்லாம நாங்க ஒருநாளும் கேட்டதில்ல. கொண்டாங்க."

ஒப்பாரிச் சத்தத்தில் யாருக்கும் புரியாது என்று நம்பி, பென்டிரைவோடு போனேன். பாடையைத் தூக்கினார்கள். கீபோர்டு மெல்ல எழுந்தது. ஒப்பாரி வைத்தவர்கள் வாயடைத்துக் கேட்டார்கள். சரியாக அந்த நேரத்தில்: "எச்சரிக்கை!"

"ஏலே, எழவு வீட்டுல எவன்டா சாபம் விடுறது?" என்றார் ஒரு மாமா.

"யாரு திருடுனதுங்கிறான்? பொணமா?" என்றார் இன்னொருவர்.

முத்துலெட்சுமி என்னிடம் வந்தாள். "இந்தச் சத்தம் இல்லாம ஒண்ணு இருக்குமுல்ல?"

"இல்ல தாயி."

"தட்டு?"

"வெயில்ல நெளிஞ்சு போச்சு."

மைக்செட்காரர் பென்டிரைவைப் பிடுங்கப் போனார். அவள் தடுத்தாள். "நிப்பாட்டாதீங்கண்ணே. இவரு கத்துறதுக்கு அடியில அய்யா வாசிக்கிறாருல்ல. அது கேட்டாப் போதும்." பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "நீங்க இங்கன நிக்காதீங்க" என்றாள்.

இன்றைக்கும் அக்கா வீட்டில் பிள்ளைகள் ஒருவர் முறுக்கை ஒருவர் எடுத்தால், "மாரியின் வெளியீடு! வெளங்கவே மாட்டான்!" என்று கத்துவார்கள். நானும் சிரித்துவைப்பேன். சிரிக்காவிட்டால் மீதிக் கதையைக் கேட்பார்கள்.

அன்று தேவிபட்டினம் வரை நடந்து, பஸ் பிடித்து மண்டபம் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலையில் ஓர் ஐஸ் கம்பெனியில் ஆள் கேட்டார்கள். "கட்டி அரைக்கிற மெஷினுப்பா. பக்கத்துல நின்னா ஒரு சத்தமும் காதுல விழாது. பரவாயில்லையா?" என்றார் மேஸ்திரி.

"இப்பவே நிக்கிறேண்ணே" என்று சட்டையைக் கழற்றினேன்.