அட்லஸ் அண்ணையின் தலைநகரம்

நியூசிலாந்தின் தலைநகரம் எது என்பதில் அட்லஸ் அண்ணைக்கு இருந்த அக்கறை அந்த நாட்டுப் பிரதமருக்குக்கூட இருந்திருக்காது. அப்போது ஆக்லண்டில், தகனினி என்ற புறநகரில், எங்களுக்கு அடுத்த வீடு. யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது.

பிறந்தநாள் விழா என்றால் கேக்கை மறைத்துக்கொண்டு நிற்பார். "கப்பிட்டல் எது?" என்பார். குழந்தைகள் ஒரே குரலில் "ஆக்லண்ட்" என்பார்கள்.

"பெரிய ஊர் எல்லாம் தலைநகரமோ? வெலிங்டன் எண்டு சொல்லுங்கோ."

சொன்ன பிறகுதான் கேக். பல் மருத்துவரிடம் போனாலும் சுவரில் உள்ள உலகப் படத்தில் நியூசிலாந்து இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லாவிட்டால் குனிந்து, இரண்டு தீவுகளையும் தானே வரைந்துவிடுவார். தடுக்க வந்த வரவேற்பாளர் பெண்ணே கடைசியில் நல்ல பேனாவாகத் தேடிக் கொடுத்தாளாம்.

எனக்கு வேலை போயிருந்த சமயம், வெலிங்டனில் ஒரு கம்பெனி மாலை ஐந்து மணி இன்டர்வியூவுக்கு நேரில் வரச் சொன்னது. அதுவும் கிடைக்காவிட்டால் விசா முடிந்து, மனைவி, கைக்குழந்தையோடு சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். கிளம்ப வேண்டிய அன்று காலை பார்த்து மூடுபனி. விமானம் ரத்து. வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அண்ணை கார்ச் சாவியோடு வந்தார்.

"ஏறும் தம்பி. எட்டு மணித்தியால ஓட்டம்தான், பின்னேரத்துக்குள்ள போயிடலாம்."

"அண்ணே, இப்ப ராகு காலம்," என்றாள் என் மனைவி.

"அது ஊர்ச் சூரியனுக்குப் போட்ட கணக்கு, தங்கச்சி. இஞ்ச சூரியன் வேற நேரத்தில எழும்புது."

வழி முழுக்கப் பாடம்தான். டௌப்போ ஏரி வந்ததும், "இது எரிமலையின்ட வாய், இறங்கிப் பாரும்," என்று காரை ஓரங்கட்டினார்.

"அண்ணே, என் பொழப்பு அந்த வாய்க்குள்ள போயிடும். ஓட்டுங்க," என்றேன்.

அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மண்டபத்துக்குள் நம்மைப் போலவே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். அவர்கள் மூக்கோடு மூக்கு வைத்து வணக்கம் சொல்வதைக் காட்ட, ஓட்டிக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார். நான் முருகா என்று அலறிவிட்டேன்.

"ஏன் வெலிங்டனுக்கு வர விரும்புகிறீர்கள்?" என்று இன்டர்வியூவில் கேட்டார்கள். மலைச்சரிவு வீடுகள், துறைமுகம், தேன்கூடு வடிவத்தில் அரசாங்கக் கட்டடம் என்று வழியில் கேட்டதையெல்லாம் அப்படியே கொட்டினேன். வேலை கிடைத்தது.

சேதி வந்ததும் முதலில் அவரிடம்தான் ஓடினேன். அண்ணையின் முகம் சுருங்கிவிட்டது.

"அங்க ஒரே காத்து. நிலநடுக்கம் வேற. சின்னப் பிள்ளையோட ஏன் அங்க?"

"நீங்கதானே அண்ணே, தலைநகரம் தலைநகரம்னு..."

"அது படிக்கிறதுக்கு. இருக்கிறதுக்கு ஒக்லண்ட்."

இப்போதும் இரவுச் செய்தியில் வானிலை பார்த்துவிட்டு வெலிங்டனுக்குப் போன் செய்கிறார். "தம்பி, காத்து கடுமையோ?"

வெளியே பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி தெருவில் உருண்டு போய்க்கொண்டிருக்கும்.

"இலைகூட அசையல அண்ணே," என்பேன். எங்களை நினைத்து அந்த மனிதரின் தூக்கம் கெடக் கூடாது.